தொட்டி மாற்றும் முறை

மதிப்பிற்குரிய டாக்டர் ராஜசேகரன் அவர்களுக்கு,

புதிதாக ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்குவது. செடி தாராளமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகும். வேர்க்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். கவனிப்பில்லாமல் செத்த செடிகளைவிட, கவனிப்பு மிஞ்சிப்போய்ச் செத்த செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதிக்குப் பின்னால் மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிற்கும் தரை ஆர்க்கிட்டுகள் தகரத்தை மீறி வளர்ந்துவிட்டன, அவற்றை எப்படி மாற்றி நடுவது என்பது ஒன்று. அவற்றை வளர்க்கும் பேச்சியம்மாள் என்ற நோயாளி, லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்த கந்தப்புதான் தனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார் என்கிறாள். அதே கந்தப்புதான் தன் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு போனார் என்கிறாள். இதில் ஏதாவது உண்மை உண்டா என்று அந்தக் கந்தப்புவாகிய என்னிடமே கேட்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைக் கடிதத்தின் அடியில், போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நோயாளியிடம் வயிற்றுவலியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசிவிட்டு, அவன் எழுந்து வாசலுக்குப் போகும்போது, நேற்றுக் கள் குடித்தாயா என்று கேட்பவன் நான். அந்த வித்தை எனக்கும் தெரியும். மேலும், தொட்டி மாற்றுவது பேச்சியம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. அவளிடமே நீங்கள் கேட்டிருக்கலாம். என்னை எழுதவைப்பதற்காக என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

பாதகமில்லை, எழுதுகிறேன். முப்பது வருஷ வேலை முடிந்து அடுத்த மாதம் சிங்கப்பூரில் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் போகிறேன். போகிறவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது. படித்த மனிதர் ஒருவர் நடந்ததை வரிசையாகக் கேட்டால் ஒத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் எனக்கு உண்டு. தவிர, என்னிடம் செடியைப் பற்றி யாராவது கேட்டு ஆறு வருஷமாகிறது. முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

பூ முடிந்து, அடியில் புதுக்குருத்து ஒரு விரல் உயரம் வந்ததும் மாற்ற வேண்டும். அதற்கு முன்பு தொட்டால் செடி சோர்ந்துவிடும். பின்பு தொட்டால் புதுவேர் முறியும். பேச்சியம்மாளுக்கு நான் சொன்ன முதல் பாடமும் இதுதான்.

அவள் என்னிடம் வந்தது 1931 நவம்பரில். அதற்கு மூன்று மாதம் முன்பு அவளுக்கு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, அன்றைக்கே ஜன்னி கண்டு இறந்துபோனதாகப் பதிவேட்டில் இருக்கிறது. புருஷன் வேலு அதற்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். அது ரப்பர் விலை விழுந்த காலம். கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதி வீடு காலி. பால்மரம் வெட்டும் வேலை வாரத்தில் மூன்று நாள்தான். விரலில் சீழ் கட்டி மருந்து போட வந்தவள், என் வராந்தாவில் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"ஐயா, இந்தச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்துற வேலை குடுங்க. சம்பளம் வேணாம். சாப்பாடு போட்டாப் போதும்" என்றாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் செடி வளர்க்க ஆசைப்படுவது இயல்பு என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது. நான் கல்யாணம் செய்யாதவன். வீட்டில் பேச ஆளில்லை. கையில் கத்தியைக் கொடுத்து உட்காரவைத்தேன். அவளைப்போல் ஒரு கை நான் பார்த்ததில்லை. பால்மரத்தில் பட்டையை மட்டும் சீவி உள்ளே காயம் படாமல் வெட்டிப் பழகிய கை. அழுகிய வேருக்கும் நல்ல வேருக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல் வெட்டும். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. பொறாமை இருந்தால் மனிதன் அதிகம் கற்றுக்கொடுப்பான், தனக்கு இன்னும் தெரியும் என்று காட்டுவதற்காக.

இனி மண். மரத்தில் ஒட்டி வளரும் வகைக்கு மண்ணே கூடாது; கரியும் உடைத்த செங்கல்லும் போதும். உங்களிடம் இருப்பது தரையில் வளரும் வகை. அதற்கு இலைமட்கு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, பழைய சாணம் அரைப்பங்கு. தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பாகம் ஓட்டுச்சில்லும் கரியும் போட வேண்டும். கிழங்கை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். பாதி வெளியே தெரிய வேண்டும். கத்தியை நெருப்பில் காட்டிய பிறகே வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவுங்கள். இவையெல்லாம் அவளுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டன. அதற்குப் பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள்.

"இந்த மஞ்சப் பூச்செடி நம்ம காட்டுல கெடைக்குமா ஐயா?"

கிடைக்காது என்றேன். ஊதா நிறத்தில் பூக்கும் தரை ஆர்க்கிட் ரோட்டோரமெல்லாம் கிடக்கிறது. இது வேறு. சிங்கப்பூரில் ஒரு நண்பர் இரண்டு வகையைச் சேர்த்து உண்டாக்கி எனக்குக் கொடுத்தது. வெளிர்மஞ்சள், உதட்டில் சிவப்புப் புள்ளி. லாபிஸ் வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைப் பெருமையாகவே சொன்னேன்.

"பூக்கலேன்னா எப்பிடிக் கண்டுபுடிக்கிறது? இலை ஒரே மாதிரி இருக்குதே."

"இலையை வைச்சு ஒண்டையும் முடிவு செய்யக்கூடாது. பூக்கும்வரைக்கும் பொறுத்திருக்க வேணும்" என்றேன்.

இன்னொரு நாள், பழைய கிழங்குகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். தொட்டி மாற்றும்போது இலையில்லாமல் சுருங்கிப்போன பழங்கிழங்குகள் அடியில் சங்கிலிபோல் கிடக்கும். புதியவர்கள் செய்யும் இன்னொரு தவறு இங்கே வருகிறது, கவனியுங்கள்: அவற்றைச் செத்துவிட்டதாக எண்ணி எறிந்துவிடுகிறார்கள். ஈரமணலில் வைத்தால் அவை இரண்டு மூன்று மாதத்தில் முளைக்கும். இந்த வகையில் அப்போது நானே புதியவன். போன தடவை எறிந்துவிட்டேன், இனி எறியமாட்டேன் என்று அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"எங்க எறிஞ்சீங்க ஐயா?"

"எங்கேயோ, குப்பையோட குப்பையா."

"எப்ப மாத்தினீங்க இந்தத் தொட்டிய?"

ஒவ்வொரு தொட்டியிலும் தேதி கீறிய தகரத்துண்டு ஒன்று குத்தி வைப்பது என் வழக்கம். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நானே தகரத்தைப் பிடுங்கித் துடைத்து வாசித்தேன்: ஆகஸ்ட் பதினேழு, திங்கட்கிழமை. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கரி உடைக்கப் போனாள். குளுவாங்கில் இருக்கும் என் தங்கைக்குச் செடிகளை ரயிலில் எப்படிக் கொண்டுபோகிறேன் என்று வேறொரு நாள் கேட்டாள். மூடியுள்ள பிரம்புக்கூடையை எடுத்துக் காட்டினேன். மூச்சு முட்டாமல் இருக்கப் பக்கத்தில் பிரம்பை விலக்கி வைத்திருப்பதையும் காட்டினேன். கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடியில் விரித்திருந்த துணியைத் தடவினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நானும் ஒன்றும் நினைக்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்படும் நான், என்னிடம் பாடம் கேட்கிறவளைச் சந்தேகப்படவில்லை.

இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆகவே அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை தவமணிதேவிக்கு அதற்குப் பத்து நாள் முன்புதான் நாலாவது பிள்ளையும் செத்துப் பிறந்திருந்தது. அவள் புருஷன் அம்பிகைபாகன் குளுவாங் ஸ்டேஷனில் கிளார்க். நல்ல மனிதர், ஆனால் ஊரிலிருந்து அவருடைய தாயார் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். தங்கை எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரிதான்: "அண்ணை, என்னை ஊருக்கு அனுப்பப் போகினம்." அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான்.

அன்று காலை வராந்தாவில் மஞ்சள் செடிக்குத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி ஆயா கருப்பாயி வந்து பேச்சியம்மாளுக்கு நோவு கண்டுவிட்டது என்றாள். கையைக் கழுவிவிட்டுப் போனேன். சுகப்பிரசவம். ஆறு றாத்தல் இரண்டு அவுன்ஸ். நல்ல குரல். பேச்சியம்மாள் ஒருமுறை பாலும் கொடுத்தாள். அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் பிறந்த பத்தொன்பது குழந்தைகளில் பதினொன்றை நான் புதைத்திருந்தேன். கைம்பெண், வாரத்தில் மூன்று நாள் வேலை, ஒழுகும் லயம். பன்னிரண்டாவதாக இது எப்போது வரும் என்று கணக்குப் போடத்தான் தோன்றியது. பக்கத்திலேயே, ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில், மார்பு நிறையப் பாலோடு என் தங்கை.

பேச்சியம்மாளுக்குத் தூக்க மருந்து கொடுத்தேன். கருப்பாயியை லயத்துக்குத் துணி எடுத்துவர அனுப்பினேன். அவள் திரும்புவதற்குள் ஜன்னி வந்து முடிந்துவிட்டது என்று சொன்னேன். தொற்று என்பதால் யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். புதைக்க ஒரு மூட்டை வேண்டியிருந்தது. வராந்தாவில் பழைய தொட்டி மண், ஓட்டுச்சில்லு, கரி, செங்கல், பழங்கிழங்கு எல்லாம் கழித்துக் குவித்தபடி கிடந்தன. அவற்றைத் துணியில் கட்டிக் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்தேன். ஐந்தே முக்கால் இருந்தது. இன்னும் ஒரு பிடி போட்டு ஆறு இரண்டு ஆக்கினேன். அவசரத்திலும் எனக்கு வேலை ஒழுங்காக இருக்க வேண்டும்.

தோட்டி சின்னத்தம்பி மூட்டையை வாங்கும்போது, "என்னங்கய்யா, இப்பிடி விறைச்சுக் கெடக்கு?" என்றான். செத்தால் அப்படித்தான் என்றேன். குழியை ஆழமாக வெட்டச் சொல்லிவிட்டு நான் மூன்று மணி ரயிலுக்குக் கூடையோடு போனேன். ஸ்டேஷனில் எல்லோருக்கும் அந்தக் கூடையைத் தெரியும். "தங்கச்சிக்குச் செடியா?" என்று கேட்டார்கள், ஆமென்றேன். குழந்தைக்கு அரைத் துளி மருந்து கொடுத்திருந்தேன். பாலோ ஸ்டேஷன் தாண்டும்வரை அது அசையவில்லை.

தவமணி பிள்ளையை வாங்கியவுடன், என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "ஆற்றை பிள்ளை அண்ணை?"

"நல்ல இடத்துப் பிள்ளை. எங்கடை ஆக்கள்தான். பெத்தவள் செத்துப்போனாள். நீ ஒண்டும் கேட்காதை."

எங்கள் சாதியில்லை என்று சொல்லியிருந்தால் அவள்கூடத் தொட்டிருக்க மாட்டாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக் குடிக்கத் தொடங்கியதும் என் தங்கை வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபோது எனக்குண்டான சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அம்பிகைபாகன் பிள்ளைக்குச் செல்வராணி என்று பெயர் வைத்தார்.

பேச்சியம்மாள் விழித்ததும் கேட்டதையும் அழுததையும் எழுத வேண்டியதில்லை, நீங்களும் டாக்டர். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்லி லயத்துப் பெண்கள் கட்டிவிட்டார்கள். அவள் அதை அவிழ்த்து எறிந்தாள். மூன்றாம் நாள் பால் தெளிக்கும்போது மற்றவர்கள் செம்புப் பாலைத் தெளித்துவிட்டு வந்தார்கள். இவள் மூட்டையைப் புதைத்த மேட்டில் தன் பாலையே பீய்ச்சினாள். அதற்குப் பிறகு தினமும் வெட்டு முடிந்ததும் போனாள். யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

சின்னத்தம்பி சோம்பேறி. ஒரு சாணுக்கு மேல் வெட்டவில்லை. அக்டோபர் மழையில் மேட்டிலிருந்து மடிப்பு மடிப்பாக இரண்டு இலை வந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. அவள் பார்த்தாள். பால் ஊற்றியதால் முளைத்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். செடிக்குப் பால் ஊற்றினால் எறும்புதான் வரும். முளைக்கவைத்தது மழை. புதியவர்கள் இதிலும் ஏமாறுவார்கள், அதனால் குறிப்பிடுகிறேன்.

அதே இலையை அவள் பிறகு என் வராந்தாவில் பார்த்துவிட்டாள். அதனால்தான் வேலை கேட்டாள். பூக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னேன் அல்லவா, பொறுத்திருந்தாள். நவம்பரிலிருந்து ஜூலை வரை என் சோற்றைத் தின்றுகொண்டு, என் தொட்டிகளைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை மாறிப் பேசாமல் இருந்தாள். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் வைத்துக் கற்றுக்கொடுத்தவனுக்குச் செய்யும் காரியமா அது.

ஜூலையில் ஒருநாள் காலை, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். மஞ்சள் பூ, சிவப்புப் புள்ளி.

"சரியா நட்டிருக்கனா பாருங்க ஐயா."

பார்த்தேன். கிழங்கு பாதி வெளியே இருந்தது. ஒரு விரல் இடம் விட்டிருந்தாள். வேரில் ஒரு கீறல் இல்லை. எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான், உண்மையைச் சொல்கிறேன். "நல்லா நட்டிருக்கிறாய். பூவோட மாத்தியிருக்கக் கூடாது, அது ஒண்டுதான் பிழை. எங்கே எடுத்தாய்?" என்று கேட்டேன்.

"எம்புள்ள மேட்டுல." அவள் நகக்கண்ணெல்லாம் செம்மண். "கீழ ஓட்டுச்சில்லு இருந்துச்சுங்க. கரி இருந்துச்சு. செங்கல்லு இருந்துச்சு. எலும்புதான் இல்ல."

"பச்சைப் பிள்ளையின்ரை எலும்பு. மண்ணிலே கரைஞ்சிருக்கும்."

"துணியே பாதி கெடக்குங்க ஐயா. எலும்பு கரைஞ்சிருச்சா?"

அவள் குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"உசுரோட இருக்கா, இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. நான் தொரைகிட்டப் போகல. போலீசுக்குப் போகல. கூடையில கொண்டுபோனீங்களே, போய்ச் சேரும்போது உசுரு இருந்துச்சா?"

நியாயமான கேள்விதான். ஆமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்றே நினைக்கிறேன். ஆனால் மறுநாள் எங்கே என்று கேட்பாள். அதற்கு மறுநாள் குளுவாங்கில் நிற்பாள். பதினொரு மாதம் ஓரிடத்தில் பிடித்து வளர்ந்த பிள்ளை. என் தங்கையின் வாழ்க்கை. நான் பூத்தகரத்தை நிழலில் தள்ளி வைத்துவிட்டு, "நாளைக்கு வா, சொல்லுறன்" என்றேன்.

அன்று பிற்பகலே அவளை உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன். உங்கள் அலுவலகத்துக் கோப்பில் அது இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு பொய்கூட இல்லை. இறந்த குழந்தையைப் புதைத்த மேட்டைக் கையாலேயே தோண்டினாள் என்று எழுதினேன், தோண்டினாள். முலைப்பாலை மண்ணில் ஊற்றினாள் என்று எழுதினேன், ஊற்றினாள். குழியிலிருந்து எடுத்த ஓட்டுச்சில்லைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், செடியோடு பேசுகிறாள், குழந்தை உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறாள் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. மாதம் ஒருமுறை காரில் வரும் வெள்ளைக்கார டாக்டர் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிள்ளைக்குழியைத் தோண்டியவள் என்று லயத்தில் எல்லோரும் பயந்து போயிருந்தார்கள். அவளுக்காகப் பேச யாரும் வரவில்லை. கருப்பாயியும் அதற்குள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு போய்விட்டாள். சின்னத்தம்பியிடம் எலும்பைப் பற்றித் துரை கேட்டபோது, நாய் தின்றிருக்கும் என்றான்.

ஆகஸ்டில் அவளை ரயிலில் ஏற்றினார்கள். ஒரு தகரம் கூடவே கொண்டுபோகலாமா என்று கேட்டாள். நான்தான் அனுமதித்தேன். நீங்கள் இப்போது பார்க்கும் வரிசை முழுவதும் அந்த ஒரு தகரத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஆறு வருஷத்தில் நாற்பது செடி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல கைதான்.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. குளுவாங்கில் ரயில் இரண்டு நிமிஷம் நிற்பது வழக்கம். அன்று எதிர்வண்டிக்காக ஒன்பது நிமிஷம் நின்றது. பேச்சியம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்துப் பிளாட்பாரத்தில் போனவர்கள் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்: "லாபிஸ் தோட்டத்து டிரெசரு எம்பொண்ண பெரம்புக்கூடையில வச்சுக் கொண்டு போனாரு. ஆவணி ஒண்ணாந்தேதி, மூணு மணி வண்டி. யாராச்சும் பாத்தீங்களா?" ஒன்பது நிமிஷமும் இதையே கேட்டிருக்கிறாள். பிளாட்பாரத்தில் சாமான் சீட்டோடு நின்றவர் அம்பிகைபாகன்.

அடுத்த ஞாயிறு அவர் என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"மச்சான், கூலிக்காரியின்ரை பிள்ளையோ அது?"

ஒளிக்க வழியில்லாததால் ஒத்துக்கொண்டேன். அவர் கௌரவமானவர், வெளியே ஒரு வார்த்தை விடவில்லை. பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். தாய் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருக்கும்போது யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அப்போது தவமணி மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். அந்தப் பிள்ளை பிழைத்தது, ஆண். அதற்கடுத்ததும் ஆண். இரண்டாம் கல்யாணப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. என் தங்கை இன்றும் அந்த வீட்டில் மனைவியாகவே இருக்கிறாள். நான் செய்தது வீணாகவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். பேச்சியம்மாள் சொல்வது முழுவதும் உண்மை. பிள்ளையை நான் எடுத்தேன். அவள் பைத்தியமில்லை, கடிதம் எழுதும்போதே அது எனக்குத் தெரியும். ஆனால் தயவுசெய்து அவளை வெளியே விடாதீர்கள். விட்டால் நேராகக் குளுவாங்குக்குத்தான் போவாள். ஏழு வயதுப் பிள்ளையை, அது அறிந்த ஒரே வீட்டிலிருந்து பிடுங்கி, ஒழுகும் லயத்தில் கொண்டுபோய் வைப்பாள். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். பெற்றவளின் ஆசையைப் பார்க்காமல் பிள்ளையின் நலத்தை மட்டும் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

போன மாதம் பயணம் சொல்லிக்கொள்ளக் குளுவாங்குக்குப் போயிருந்தேன். செல்வராணி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். உயரமாக வளர்ந்திருக்கிறாள், தாயின் கை. தம்பிகள் இருவரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியவில்லை என்று தவமணி சொன்னாள். என்னைக் கண்டதும் எழுந்து, கூடத்துக்குள் வராமல், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். ஒழுக்கமாக வளர்த்திருக்கிறார்கள். விறகுக் கொட்டிலில் ஒரு பக்கத்தை அவளுக்கென்று தட்டி வைத்து மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூரையெல்லாம் நன்றாகவே இருக்கிறது. இடக்கையில் ஒரு தழும்பு இருந்தது. கேட்டேன், அரிசி களையும்போது கொட்டிவிட்டாள் என்று தவமணி சொன்னாள். மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. காரணமில்லாமல் அந்த வீட்டில் யாரும் அவளை அடிப்பதில்லை.